சத்தம் கேட்டவுடன் என்ஜினை மாற்றாதீர்கள்

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். எங்களிடம் வருபவர்களில் அநேகமானோர் வாகனத்தின் நோயைச் சொல்வதில்லை. மருந்தின் பெயரைத்தான் சொல்வார்கள். "பாஸ் இதை வாங்கிவரச் சொன்னார்" என்று ஒரு துண்டை நீட்டுவார்கள். நாமும் எடுத்துக் கொடுத்து, காசை வாங்கி லாச்சியில் போடுவோம். அந்தப் பாகம் உண்மையிலேயே பழுதடைந்திருந்ததா என்று விசாரிப்பது எமது வேலையல்ல என்றே நானும் பல வருடங்கள் எண்ணியிருந்தேன்.

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு எனது பழைய கூட்டாளி ஒருவரின் மகன் கடைக்கு வந்தார். புறக்கோட்டையில் தகப்பனாரின் புடைவைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. அவர் நீட்டிய துண்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 1990 ஆம் ஆண்டின் யூனோஸ் ரோட்ஸ்டர் காருக்கு என்ஜின் ஒன்று.

"மாமா, எவ்வளவு போனாலும் பரவாயில்லை, ஒன்று தேடித் தாங்கோ. வாப்பா சரியான கோபத்தில இருக்கிறார்" என்றார்.

கோபத்திற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரை அவர் வாங்கி மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. விற்றவர் எமக்கெல்லாம் தெரிந்த ஒரு வியாபாரி. எழுத்தில் எந்த நிபந்தனையும் இல்லாமல், வாய் வார்த்தையை நம்பி முடிந்த கொடுக்கல் வாங்கல் அது. இப்போது என்ஜினுக்குள் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கிறது. பார்த்த கராஜில், கொன்ரொட் பெயரிங் போய்விட்டது, என்ஜினை மாற்றுவதே வழி என்று சொல்லியிருக்கிறார்கள். பழுதைத் தெரிந்துகொண்டே தலையில் கட்டிவிட்டார் என்று தகப்பனார் விற்றவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டு நாலு பேர் முன்னிலையில் விடயத்தை வைக்கவும் தயாராகிக்கொண்டிருந்தார்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் பழைய வாகனம் எதுவாயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. இப்படியான அரிய காருக்கு என்ஜின் தேடிக் கொடுத்தால் எனக்கு நல்ல இலாபம் கிடைத்திருக்கும். அந்தக் கணக்கு என் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் நான் கேட்ட கேள்வி வேறு.

"மகன், அந்தச் சத்தம் எப்போது வருகிறது?"

அவர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

நான் விற்ற ஒரு என்ஜின்

இக்கேள்வியைக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நட்டம். பல வருடங்களுக்கு முன்னர், மரக்கறி ஏற்றும் டீசல் வேன் ஒன்றின் உரிமையாளர் என்னிடம் என்ஜின் வாங்கினார். வேனின் முன்புறத்தில் "கரகர" என்று ஒரு சத்தம். என்ஜின் வேகம் கூடக் கூட அதுவும் கூடும். மெயின் பெயரிங் முடிந்துவிட்டது என்று கராஜில் சொல்லியிருந்தார்கள். நல்ல என்ஜினாகத்தான் பார்த்துக் கொடுத்தேன். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அவர் அந்தக் காசைக் கட்டினார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

என்ஜினை மாற்றி, சாவியைத் திருப்பினார்கள். அதே சத்தம்!

காரணம் இதுதான். என்ஜினை மாற்றும்போது பழைய என்ஜினில் இருந்த அல்டனேட்டரைக் கழற்றிப் புதியதில் பூட்டியிருக்கிறார்கள். சத்தம் போட்டது அந்த அல்டனேட்டருக்குள் இருந்த ஒரு சிறு பெயரிங். என்ஜின் போனது, சத்தம் மட்டும் இடம் மாறி வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் என்ஜினை ஓடவிட்டிருந்தால் சத்தம் நின்றிருக்கும். உண்மையும் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த மனிதர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு என் கடை வாசலுக்கு வரவுமில்லை. நான் விற்ற பொருளில் குற்றமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எனினும் அந்த என்ஜினில் வந்த இலாபம் இன்றுவரை எனக்கு இனிக்கவில்லை.

எப்படிப்பட்ட கார்?

ஒரு சத்தத்தை ஆராயும் முன்னர், அது எந்த வாகனத்தில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரோட்ஸ்டர் என்பது மஸ்டா கம்பனி 1989 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய இரண்டு ஆசனங்கள் கொண்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும், வேறு நாடுகளில் எம்எக்ஸ்-5 என்றும் விற்கப்பட்டது. இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகில் ஆகக் கூடுதலாக விற்பனையானது என்று 2000 ஆம் ஆண்டில் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற கார் இது. 2016 ஆம் ஆண்டில் பத்து இலட்சமாவது கார் உற்பத்தி செய்யப்பட்டது.

ஆரம்பகாலக் கார்களில் 1600 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வ் கொண்ட என்ஜின். இதன் குடும்பத்தைச் சேர்ந்த என்ஜின் மஸ்டா பெமிலியா கார்களிலும் இருந்தது. ஆனால் பெமிலியாவில் என்ஜின் குறுக்கே நிற்கும். ரோட்ஸ்டரில் நெடுக்கே நின்று பின் சக்கரங்களைச் சுழற்றும். எனவே பெமிலியா என்ஜினை வாங்கினால் அது அப்படியே ஏறாது. பல பாகங்களை மாற்றவேண்டி வரும். அவசரப்பட்டு என்ஜின் வாங்குபவர்கள் அகப்பட்டுக்கொள்ளும் முதலாவது குழி இதுவாகும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காரின் கூரை துணியால் ஆனது. சாதாரண காரில் காதுக்கு எட்டாத சின்னச் சத்தமும் இதில் நன்றாகக் கேட்கும். ஆகவே சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்பதற்காகப் பழுதும் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

சத்தம் எதைப் பின்தொடர்கிறது?

வாகனத்தில் சத்தம் கேட்டால் முதலில் விடை காணவேண்டியது "எங்கே" என்ற கேள்விக்கு அல்ல, "எப்போது" என்ற கேள்விக்குத்தான். இரும்பு வழியே சத்தம் ஓடும். முன்னால் பிறந்த சத்தம் பின்னால் கேட்கும். காது இடத்தைத் தவறாகக் காட்டலாம்; நேரத்தை அவ்வளவு எளிதில் தவறாகக் காட்டாது.

வாகனம் நிற்கும்போதும் சத்தம் கேட்டு, எக்சலேட்டரை மிதிக்க அது வேகமெடுத்தால், அது என்ஜினோடு அல்லது என்ஜின் சுழற்றும் பாகங்களோடு சம்பந்தப்பட்டது. ஓடும்போது மட்டும் கேட்டு, கியரை நியூட்ரலுக்குப் போட்டு உருளவிட்டாலும் தொடர்ந்தால் அது சக்கரம், பெயரிங், டயர், டிபரன்ஷியல் பக்கத்துச் சத்தம். கிளச்சை மிதிக்கும்போது வந்து, விட்டதும் மறைந்தால் கிளச்சின் ரிலீஸ் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். இதற்கு மாறாக, நியூட்ரலில் கிளச்சை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்தவுடன் மறைந்தால் கியர் பெட்டியின் உள்ளே இருக்கும் பெயரிங்கைப் பார்க்கவேண்டும்.

ஓடும்போது விமானம் தூரத்தில் போவது போல "ஊம்" என்று இரைந்து, இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் வலப்பக்கச் சக்கரத்தின் பெயரிங்கை முதலில் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கத்தில்தான் விழும். மேடு பள்ளத்தில் மட்டும் "டொக்" என்று தட்டினால் சஸ்பென்ஷன் புஷ்களும் இணைப்புகளும். காலையில் மட்டும் "கீச்" என்று கத்தினால் பெல்ட். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டில் சிறிது தண்ணீர் தெளிக்க, சத்தம் ஒரு கணம் அடங்கினால் அது பெல்ட்தான் என்பது பெரும்பாலும் உறுதி. தெளிக்கும்போது கையையும் சாரத்தையும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இக்கேள்விகளை ஒவ்வொன்றாக அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் சத்தம். கார் நிற்கும்போதே கேட்கிறது, மிதித்தால் வேகமெடுக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் குறைந்துவிடுகிறது. மலிபன் வீதிக் கடைக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் இல்லை.

இதைக் கேட்டதும், துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். "என்ஜின் பிறகு பார்ப்போம். நாளைக்குச் சுபஹுக்குப் பிறகு நான் வீட்டுக்கு வாறன். அதுவரை காரை யாரும் ஸ்டார்ட் பண்ணவேணாம்."

கொன்ரொட் பெயரிங் என்றால் என்ன செய்யும்?

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிஸ்டனின் மேலும் கீழுமான அசைவைக் கிராங்க் ஷாப்ட்டின் சுழற்சியாக மாற்றுவது கொன்ரொட். அது கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய தகடு போன்ற பெயரிங் இருக்கிறது. அதற்கும் கிராங்க்கிற்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கவேண்டும். பெயரிங் தேய்ந்தால் இடைவெளி கூடி, கொன்ரொட் கிராங்க்கின் மீது தட்டத் தொடங்கும்.

அந்தத் தட்டு கனமானது. "டிக் டிக்" அல்ல. கதவை முஷ்டியால் குத்துவது போல "டொங் டொங்" என்று அடியிலிருந்து வரும். என்ஜின் சூடேறும்போது ஒயில் இளகி மெலிவதால் இந்தச் சத்தம் கூடுவதே வழக்கம். பாரம் இழுக்கும்போதும், எக்சலேட்டரை மிதித்துவிட்டுச் சட்டென்று விடும் தருணத்திலும் தெளிவாகக் கேட்கும். அப்படியான என்ஜினை ஓட்டக்கூடாது. ஓட்டினால் கிராங்க் கெட்டு, சில வேளை கொன்ரொட் முறிந்து என்ஜின் பிளொக்கையே துளைத்துவிடும்.

எமது காரின் சத்தமோ மெல்லியது, மேலிருந்து வருவது, சூடேற ஏறக் குறைவது. மூன்றுமே மறுபக்கத்தைக் காட்டின. ஆயினும் கடையில் இருந்துகொண்டு கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால், நானும் அந்தக் கராஜ்காரரைப் போலத்தான் ஆகிவிடுவேன். கேட்டதைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

அதிகாலைச் சோதனை

மறுநாள் எனக்குத் தெரிந்த வயதான பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் இருந்தது ஒரு நீண்ட ஸ்குரூட்ரைவர் மட்டும்தான்.

பொனட்டைத் திறந்து முதலில் ஒயில் அளவைப் பார்த்தார். அளவு சரி. ஆனால் துடைத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்ன ஒயில் போட்டீக்கிற?" என்று கேட்டார். காரை வாங்கிய பிறகு செய்த முதலாவது சர்விஸில் 20டபிள்யூ-50 போட்டதாகப் பட்டியல் இருந்தது. மஸ்டா கம்பனி இந்த என்ஜினுக்குச் சொல்லியிருப்பது அதைவிட மெல்லிய 10டபிள்யூ-30. பழைய என்ஜின் என்றால் தடித்த ஒயில் போடவேண்டும் என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக இருக்கிறது. எல்லா என்ஜினுக்கும் அது பொருந்தாது.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சத்தம் உடனே வந்தது. ஸ்குரூட்ரைவரின் பிடியைக் காதோடு வைத்து, நுனியை வால்வ் மூடியின் மீது ஒவ்வோர் இடமாக வைத்தார். அங்கே சத்தம் கணீரென்று கேட்டது. கீழே, சம்ப்பிற்கு மேலாக என்ஜின் பிளொக்கில் வைத்தபோது மங்கியது. சத்தம் தலைப்பகுதியில்தான் பிறக்கிறது. (சுழலும் பெல்ட், விசிறி இருக்கும் இடத்தில் இதைச் செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் செய்யவேண்டாம்.)

எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் கெஸ்கட் கசிந்தாலும் இதே மாதிரி "டிக் டிக்" கேட்கும். இரும்பு சூடாகி விரியும்போது இடைவெளி அடைபட்டு அந்தச் சத்தமும் குறையும். ஆகவே அதையும் பார்க்கவேண்டியிருந்தது. கசிவு இருந்தால் கெஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருக்கும். பாஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

அடுத்து, அந்தப் பிள்ளையின் கைத்தொலைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்தோம். என்ஜின் சாதாரண வேகத்திற்கு இறங்கியபோது மீட்டரில் 850 காட்டியது. அதாவது கிராங்க் ஷாப்ட் நிமிடத்திற்கு 850 தடவை, செக்கனுக்கு ஏறத்தாழ 14 தடவை சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் அதில் பாதி வேகத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 7 தடவைதான் சுற்றும். பதிவை மெதுவாக ஓடவிட்டு எண்ணினோம். செக்கனுக்கு ஏழு தட்டுகள். சத்தம் கேம் ஷாப்ட்டின் வேகத்தில் போகிறது; கிராங்க்கின் வேகத்தில் அல்ல.

இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு வால்வுகள் மாறி மாறித் தட்டினால் பதினான்கு என்றும் கணக்கு வரலாம். அதனால் பாஸ் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் வயர் சொக்கட்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிப் பூட்டினார். கொன்ரொட் தட்டுவதாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் எரிதல் நின்றவுடன் சத்தம் தெளிவாகக் குறையவேண்டும். நான்கிலும் சத்தத்தில் மாற்றமே இல்லை. இன்ஜெக்டர் உள்ள காரில் பிளக் வயரைப் பிடுங்கி இதைச் சோதிக்க வேண்டாம். கொயிலுக்கும் கூடாது, எரியாத பெற்றோல் போய்க் கெட்டலிட்டிக் கொன்வேட்டரையும் கெடுத்துவிடும்.

நேரம், இடம், வேகம், எரிதல். நான்கு சாட்சிகளும் ஒரே பதிலைச் சொன்னபிறகுதான் பாஸ் வாயைத் திறந்தார். "பெயரிங் இல்லை. டெப்பட்."

ஒயிலை நம்பி வாழும் பதினாறு பாகங்கள்

கேம் ஷாப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள பாகத்தைத்தான் எமது கராஜ்களில் டெப்பட் என்பார்கள். பல என்ஜின்களில் இதன் இடைவெளியைக் கையால் சரிசெய்யவேண்டும். ஆரம்பகால ரோட்ஸ்டரில் அந்த வேலை இல்லை. ஒவ்வொரு டெப்பட்டுக்குள்ளும் ஒரு சிறிய அறை இருக்கிறது. என்ஜின் ஒயில் அழுத்தத்தோடு அதற்குள் நிறைந்து இடைவெளியைத் தானாகவே அடைத்துக்கொள்ளும். வால்வுக்கு ஒன்றாக மொத்தம் பதினாறு.

கார் பல நாட்கள் ஓடாமல் நின்றால் இவற்றில் சிலவற்றிலிருந்து ஒயில் வடிந்துவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் அறை வெறுமையாக இருப்பதால் இடைவெளி உண்டாகி "டிக் டிக்" என்று தட்டும். ஒயில் வந்து நிரம்பியதும் நின்றுவிடும். ஒயில் அழுக்காக இருந்தால், தடித்திருந்தால், துவாரங்களில் கசடு படிந்திருந்தால் நிரம்ப நேரமெடுக்கும். இந்தக் கார்களில் உலகெங்கும் கேட்கிற சத்தம் இது. காதுக்குத் தொல்லை, பொதுவாக என்ஜினின் உயிருக்கு ஆபத்தில்லை.

அப்போதுதான் அந்தப் பிள்ளை ஒன்றைச் சொன்னார். கார் வாங்கிச் சர்விஸ் செய்ததும் பெருநாள் வியாபாரம் தொடங்கிவிட்டது. ஆறு வாரங்கள் கார் வீட்டிலேயே நின்றது. அதன் பிறகுதான் சத்தம். விற்றவரின் கையில் இருந்தவரை நாளாந்தம் ஓடிய கார் அது.

சத்தமில்லாமல் ஓடிய கார் ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதி காருக்கு அடியில் இருந்தது.

பில்டரில் இருந்த கையெழுத்து

ரோட்ஸ்டரின் ஒயில் பில்டர் கைக்கு எட்டாத ஓர் இடத்தில், இன்லெட் மெனிபோல்ட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றுவது இலேசான வேலையல்ல. முழங்கையில் தோல் உரியும். பாஸ் கீழே படுத்து, கையை வளைத்துக் கழற்றி எடுத்தார். சர்விஸ் பட்டியலில் "புதிய பில்டர்" என்று எழுதிக் காசும் வாங்கப்பட்டிருந்தது. ஆனால் வெளியே வந்ததோ தூசியும் ஒயிலும் சேர்ந்து கறுத்துப்போன ஒரு பழைய பில்டர். பழந்துணியால் துடைத்தபோது அதன் மீது கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தது தெரிந்தது. 2022 மே மாதத் திகதி ஒன்றும், அப்போது ஓடியிருந்த கிலோமீற்றர் கணக்கும்.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எனக்குப் பல தடவை காசோலை எழுதித் தந்த கை அது. காரை விற்ற மனிதரின் கையெழுத்து! பில்டரை மாற்றும்போதெல்லாம் திகதியை எழுதிவைப்பது அவரது பழக்கம்.

நாங்கள் மூன்று பேரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. வாகனத்தை அக்கறையோடு வைத்திருந்தவர் மீது பழி விழுந்திருந்தது. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியவர்களோ என்ஜின் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

பில்டருக்கும் காலைச் சத்தத்திற்கும் சம்பந்தம் உண்டு. நல்ல பில்டருக்குள் ஒரு இறப்பர் தடுப்பு இருக்கும். என்ஜின் நின்றபிறகு ஒயில் பின்னால் வடிந்துவிடாமல் அது மறித்துக்கொள்ளும். பழசாகி அந்த இறப்பர் இறுகிவிட்டால் இரவிரவாக ஒயில் சம்ப்புக்கு வடியும். காலையில் பம்ப் முதலில் பில்டரை நிரப்பி, பிறகுதான் மேலே ஒயிலை அனுப்பும். தலைப்பகுதியில் இருக்கும் டெப்பட்டுகள் அதுவரை காத்திருக்கவேண்டும்.

தடுப்பு உள்ள நல்ல பில்டர் ஒன்றும், 10டபிள்யூ-30 ஒயிலும் போட்டோம். முதல் நாள் சத்தம் முழுதாகப் போகவில்லை. அவசரப்பட வேண்டாம், தினமும் ஓட்டும்படி சொன்னோம். ஒரு வாரத்தில் நன்றாகக் குறைந்தது. கசடும் வெளியேறட்டும் என்று சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு ஒயிலை மீண்டும் மாற்றினோம். அதன் பிறகு காலையில் இரண்டு மூன்று செக்கன்கள் தட்டிவிட்டு அடங்கிவிடுகிறது. பழைய காருக்கு அது போதும்.

ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒயிலையும் பில்டரையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். எனவே பெரிய பங்கு எதனுடையது என்று இன்றும் எம்மால் சொல்லமுடியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் சரியான முறை.

மொத்தச் செலவு, என்ஜினுக்கு அவர் ஒதுக்கியிருந்த தொகைக்குப் பக்கத்திலும் வராது. அதைவிடப் பெரிய வேலை தகப்பனாருடையது. அந்தப் பழைய பில்டரை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு விற்றவரின் கடைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் இருவரும் ஒரே மேசையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

லொறி, வேன் வைத்திருப்போருக்கு

நம்மில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் சரக்கு ஏற்றும் லொறியோ வேனோ முச்சக்கர வண்டியோ இல்லாத வியாபாரி அதைவிடக் குறைவு. இந்த அனுபவத்திலிருந்து அவர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

சத்தம் கேட்டவுடன் ஒரு கடதாசியில் எழுதுங்கள். எப்போது வருகிறது, குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஓடும்போதா, மிதிக்கும்போதா விடும்போதா, திருப்பும்போதா, பாரம் ஏற்றியபோதா. அதற்கு முன்னர் என்ன வேலை செய்யப்பட்டது என்பதையும் எழுதுங்கள். சாரதி ஓட்டும் வாகனம் என்றால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கராஜுக்குப் போகும்போது பல வேளைகளில் சத்தம் ஒளிந்துகொள்ளும்.

காசு குறைந்த சோதனையை முதலில் செய்யுங்கள். ஒயில் அளவு, பெல்ட், தளர்ந்த தகடு, கழன்ற ஆணி. சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத் தகடு ஆடினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் என்ஜினே உடைவது போலச் சத்தம் வரும். ஒரு கிளிப்போடு அது முடிந்துவிடும்.

மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தரும்படி கேளுங்கள். இது உங்கள் உரிமை. நேர்மையான கராஜ்காரர் இதற்காகக் கோபிக்கமாட்டார். கேட்கும் முன்னரே தந்துவிடுவார். புதிய பில்டரில் திகதியை எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி ஒரு மனிதரின் பெயரைக் காப்பாற்றியதை என் கண்ணால் கண்டேன்.

அதேவேளை, எல்லாச் சத்தத்தையும் இப்படி ஆறுதலாக ஆராயக்கூடாது. ஒயில் விளக்கு எரிந்துகொண்டு சத்தம் வந்தால், அடியிலிருந்து கனமான தட்டு கேட்டால், பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசினால், சக்கரப் பக்கம் தட்டுவதோடு ஸ்டியரிங்கும் நடுங்கினால் வாகனத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இழுத்துச் செல்லும் கூலி, அதன் பிறகு வரும் செலவை விடக் குறைவுதான். பிரேக்கும் சக்கரமும் உயிரோடு சம்பந்தப்பட்டவை.

உதிரிப்பாகம் விற்கும் எனது சக வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அன்று நான் விற்றது ஒரு பில்டரும் சில லீற்றர் ஒயிலும் மட்டுமே. ஒரு என்ஜினில் வரக்கூடிய இலாபத்தை அது ஈடுசெய்யவில்லை என்பது உண்மை. அதன் பிறகு அந்தப் புடைவைக் கடையின் இரண்டு வேன்களுக்கும் வேண்டிய சாமான்களுக்கு என்னிடம்தான் வருகிறார்கள். ஆனாலும் கணக்குப் பார்த்தால் என்ஜின் இலாபம் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. அதற்காக நான் கவலைப்படவில்லை. மரக்கறி வேன்காரரின் முகம் மட்டும் இப்போதும் சில நாட்களில் ஞாபகத்திற்கு வரும். இப்போதெல்லாம் யாராவது துண்டை நீட்டினால், எடுத்துக் கொடுக்கும் முன்னர் ஒரு தடவை கேட்டுவிடுவேன்: "அந்தச் சத்தம் எப்போது வருகிறது?"